செவந்தி விட்ட லீவு

என் ஓரகத்தி பரிமளாவைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தங்கமான பொம்பளை, வூட்டை விட்டு எங்கயும் நவராது" என்பார்கள். நகராமல் இருப்பதில் என்ன தங்கத்தைக் கண்டார்கள்? தெருமுனையில் கரண்டுக் கம்பமும்தான் நகராமல் நிற்கிறது. அதற்கு யாரும் மாலை போட்டு நான் பார்த்ததில்லை.

அவள் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். வேப்பந்தட்டையிலிருந்து மலைப்பக்கம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். ஒரே வாசலில் இரண்டு வீடு. ஒன்றில் நானும் என் தையல் மிஷினும். என் வீட்டுக்காரர் அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டுகிறார். வந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஃபோன்தான். இன்னொரு வீட்டில் பரிமளா, அவள் புருஷன் பிச்சைமுத்து, மகள் சத்யப்பிரியா, மகன் அஜித்குமார். பிச்சைமுத்து மாமா கொத்தனார். எங்கள் மாமனார் காலத்தில் எல்லோரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இன்றைக்கு அஜித் பெரம்பலூரில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான், சத்யப்பிரியா நர்சிங் முடித்துவிட்டாள்.

அந்த வீட்டில் இன்னொரு ஆளும் உண்டு. உண்மையைச் சொன்னால் அவள்தான் அங்கே அதிகாரி. செவந்தி என்று பெயர். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, கலப்பின மாடு.

செவந்தி பரிமளா கைக்கு மட்டும்தான் பால் விடுவாள். வேறு கை பட்டால் காலைத் தூக்குவாள், இல்லையென்றால் பாலை அடக்கிக்கொண்டு கல்லாக நிற்பாள். ஒருமுறை பக்கத்து ஊரிலிருந்து கறவைக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் முழங்காலில் வாங்கிக்கொண்டு போனதோடு சரி, அப்புறம் எங்கள் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டார். சொந்தத்தில் ஒரு சாவுக்குப் போன பரிமளா பஸ் கிடைக்காமல் மறுநாள் காலைதான் திரும்பினாள். அதற்குள் பால் தேங்கி மடி கட்டிக்கொண்டது. மாட்டு டாக்டர் நாள் கணக்கில் வந்து ஊசி போட்டும் ஒரு காம்பு போகத்தான் பார்த்தது. அன்றிலிருந்து பரிமளா வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று வந்துவிட்டது. எங்கே போனாலும் ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒரு ஆள் யார் என்று யாரும் கேட்டதில்லை.

சமயபுரம் போனார்கள், அவள் இல்லை. ஐப்பசி மழையில் மயிலூத்து அருவியில் தண்ணீர் விழுகிறது என்று குளிக்கப் போனார்கள், அவள் இல்லை. அஜித்தின் ஃபோனில் குடும்பப் படம் அத்தனை இருக்கிறது. எதிலும் அவள் இல்லை. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கென்ன, நான் பாக்காததா" என்று சொல்லி டிபன் கட்டிக் கொடுத்துவிடுவாள். அவள் பார்த்தது எல்லாம் பிறந்த ஊரும் வாக்கப்பட்ட ஊரும்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏரி, அவ்வளவுதான் தூரம்.

அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போவதாக இருந்தார்கள். புதுப் பாவாடை தைத்து, புளிச்சோறு கட்டி, எல்லாம் தயார். விடியற்காலையில் வீட்டு மாட்டுக்குக் கன்று போடும் நேரமாகிவிட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லை என்று அப்பா அவளை நிறுத்திவிட்டார். புளிச்சோற்றைக் கொட்டகையில் உட்கார்ந்து தின்றாளாம். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது.

போன மார்கழியில் சத்யப்பிரியாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பொங்கல் முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தட்டை விட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

"அம்மா, காணும் பொங்கலுக்கு நம்ம நாலு பேரும் சோழபுரம் போறோம். கோயில் புல்தரையில ஒக்காந்து சாப்புட்டு, வெளயாண்டுட்டு, லைட்டு போட்டப்பறம்தான் கெளம்புறோம். நான் வேலைக்குப் போயிட்டா அப்புறம் எனக்கு எப்ப லீவு, உனக்கு எப்ப லீவு?"

"எனக்கு ஏது லீவு" என்றாள் பரிமளா.

"அப்பா கறக்கப் பழகட்டும்."

இப்படித்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. மாட்டுக்கு மோப்பம்தான் கண் என்று யாரோ சொல்ல, பிச்சைமுத்து மாமா பரிமளாவின் நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போனார். மீசை துண்டுக்குள் அடங்கவில்லை. செவந்தி திரும்பிப் பார்த்து மூச்சை ஒரு விடு விட்டாள் பாருங்கள், நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முதல் வாரம் உதை. அடுத்த வாரம் சாணிவாலால் அடி. மாமா விடவில்லை. நாள் முழுக்க சாரத்தில் நின்று பூசிவிட்டு வந்து, அந்த நைட்டிக்குள் நுழைந்து, "அம்மாடி, ஆத்தாடி" என்று கெஞ்சிக் கொஞ்சிக் கடைசியில் போகிக்கு முன்னால் முக்கால் சொம்பு கறந்துவிட்டார். தெருவே வந்து பார்த்தது.

அன்றைக்கு ராத்திரி எனக்கும் சேர்த்து எல்லோருக்கும் சாப்பாடு பரிமாறும்போது பரிமளா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நாம போறப்ப, மாட்டுக்கிட்ட யாரு இருக்குறது?"

"அதான் அப்பா இருக்..." என்று ஆரம்பித்த அஜித் பாதியில் நின்றுவிட்டான்.

மாதம் முழுக்க நாலு பேரும் சேர்ந்து போகத் திட்டம் போட்டவர்கள், நாலு பேரில் ஒருவரை வீட்டில் நிறுத்தத்தான் பழக்கியிருக்கிறார்கள். ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற சட்டம் அவர்கள் ரத்தத்தில் அப்படி ஊறிப்போயிருக்கிறது. இந்த உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இந்த முட்டாள்தனம் நடந்திருக்காது. மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "பரவால்ல, நான் இருந்துக்குறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார். பரிமளா சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். சத்யப்பிரியாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால்தான் வரும். "ஏன், நான் ஒருத்தி இங்க செத்தா போயிட்டேன்? நான் கறக்குறேன், நாலு பேரும் போய்த் தொலைங்க" என்றேன். சொல்லிவிட்டுத்தான் எனக்கு மாடு என்றால் பயம் என்பது நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் ஒன்று முட்டியதிலிருந்து நான் கன்றுக்குட்டியைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவள்.

"உனக்கு வேணாம் சம்பூர்ணம்" என்றாள் பரிமளா.

"நைட்டியக் குடுக்கா" என்றேன்.

பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் ஊர் எல்லாம் புதுத்துணியில் இருந்தது. நான் மட்டும் துவைக்காத நைட்டியில் இருந்தேன். துவைத்தால் வாடை போய்விடுமாம். தவிடும் சாணியும் வேர்வையும் சேர்ந்த அந்த வாடையில் என் புருஷன் ஃபோனில் பேசினால்கூட எட்டிப்போவார். பரிமளா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக் காம்பில் வைத்தாள். செவந்திக்கு அன்றைக்குக் கொம்பில் சிவப்புப் பெயிண்டும் கழுத்தில் கரும்புத் தோகையும் கட்டி விட்டிருந்ததால் நல்ல மனநிலையில் இருந்தாள் போல. பரிமளா பக்கத்தில் இருக்கும்வரை எனக்கும் பால் விட்டாள். அரைச் சொம்பு கறந்ததும் உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

காணும் பொங்கலன்று பனி இறங்கிக்கொண்டிருக்கும்போதே காலைக் கறவையை முடித்துவிட்டு நாலு பேரும் கிளம்பினார்கள். பரிமளா என் கலியாணத்துக்குக் கட்டிய பட்டைக் கட்டியிருந்தாள். அப்போதிருந்து மடிப்பு கலையாமல் பெட்டியில் இருந்த பட்டு அது. புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கட்டுக் கரும்பு. வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். தண்ணித் தொட்டியைப் பார்த்தாள். மறுபடி போய்த் திரும்பி வந்தாள். "கன்னுக்குட்டிய மொதல்ல வுட்டு ஊட்டவுடு, அப்பறம் இழுத்துக் கட்டு" என்றாள். நான் அவள் முதுகில் கையை வைத்து பஸ் ஸ்டாப்வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.

அதன் பிறகு எனக்குத் தெரிந்தது எல்லாம் சத்யப்பிரியா ஃபோனில் அனுப்பிய படமும் வீடியோவும்தான். பெரம்பலூரில் பஸ் மாறி, அரியலூரில் மாறி, ஜெயங்கொண்டத்தில் மாறிப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அரியலூர் தாண்டி சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போனபோது, ஒவ்வொரு லாரியிலும் என் வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று பரிமளா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனாளாம்.

கோயிலைச் சுற்றிப் புல்வெளி முழுக்க ஜனம். குடும்பம் குடும்பமாகப் போர்வை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பலூனோடு ஓடுகின்றன. பெரிய நந்தியின் முன்னால் பரிமளா நிற்கிற வீடியோ ஒன்று வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். இவள் அதைத் திமிலிலிருந்து கால்வரைக்கும் சந்தையில் மாடு பிடிக்க வந்தவள் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்ல லட்சணம். இதுக்குத் தண்ணி காட்டுறவன் பாவம்" என்கிறாள். பின்னால் அஜித் சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

அடுத்ததில் பரிமளாவும் மாமாவும் அஜித்தும் பந்து விளையாடுகிறார்கள். பரிமளா பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடுகிறாள். மாடு அவிழ்த்துக்கொண்ட நேரம் தவிர அவள் ஓடி நான் பார்த்ததில்லை. பந்தைப் பிடிக்கப் போன மாமா குப்புற விழுகிறார். அவள் அவரைத் தூக்கிவிடாமல் அங்கேயே உட்கார்ந்து சிரிக்கிறாள். அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொன்னால் என்ன.

வெயில் சாய்ந்தது. நைட்டியை மாட்டிக்கொண்டு, துண்டைப் போட்டுக்கொண்டு, கை காலைக் கழுவிக் கொட்டகைக்குள் போனேன். கன்றை அவிழ்த்து விட்டேன், முட்டி முட்டிக் குடித்தது. இழுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். காம்பைப் பிடித்தேன். ஒரு சொட்டு இல்லை.

செவந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். நைட்டி சரி, வாடை சரி, ஆள் இல்லையே என்று கேட்கிற பார்வை. காலை மாற்றி வைத்தாள். நான் எழுந்து ஓடாமல் இருந்ததே பெரிது. தவிடு வைத்தேன், தடவிக் கொடுத்தேன், திட்டினேன், கெஞ்சினேன். மடி இறுகிப்போய் நின்றது. போன முறை டாக்டர் போட்ட ஊசிகள் எல்லாம் என் கண்ணுக்குள் வந்தன. இந்த மாட்டுக்கு ஏதாவது ஆனால், பரிமளா இனிமேல் வாசற்படியைத் தாண்ட மாட்டாள். யார் சொன்னாலும் தாண்ட மாட்டாள்.

ஃபோன் அடித்தது. கறக்கும் நேரம் அவள் கைக்குத் தெரியாமல் இருக்குமா?

"கறந்துட்டியா?" என்றாள் பரிமளா.

"ஆச்சுக்கா, நீ பாட்டுக்கு இரு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து செவந்தி கத்தினாள். நீளமாக ஒரு கத்து.

"அது கறந்த மாடு கத்துற கத்து இல்ல" என்றாள் பரிமளா. "பொய் சொல்லாத புள்ள. நான் கெளம்பி வரேன். ஏங்க, எந்திரிங்க, தூக்குங்க எல்லாத்தையும்."

பாத்திரங்கள் மோதுகிற சத்தம் கேட்டது. வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் மடி என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கிளம்பிவிட்டாள். லைட்டு போடுகிறவரைக்கும் இருக்கலாம் என்று போனவள், வெயில் முழுசாக இறங்குவதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். ஃபோனை சத்யப்பிரியா பிடுங்கினாள் போல.

"சித்தி, ஸ்பீக்கர்ல போட்டு அது காதுகிட்ட வைங்க. அம்மா, நீ தெனம் அதுகிட்ட பேசுவல்ல, அதையே பேசு."

"இத்தன பேரு இருக்காங்க பாப்பா, எப்புடிடி?"

"பேசும்மா. எனக்காகப் பேசு."

நான் ஃபோனைக் கொம்புக் கயிற்றில் செருகினேன். முதலில் ஒரு முணுமுணுப்பு வந்தது. செவந்தியின் காது அசைந்தது. "சத்தமாப் பேசுக்கா" என்று கத்தினேன்.

"என்னாடி செவந்தி" என்றாள் பரிமளா. "தண்ணி குடிச்சியா? தவுடு போட்டாளா உன் சித்தி? திட்டியிருப்பா. கண்டுக்காத, அவளுக்கு வாய் மட்டுந்தான், மனசு பச்சப்புள்ள மாதிரி. அவளத் தவுர எனக்காக யாருடி இந்த நைட்டியப் போடுவா?"

சொம்பைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டேன்.

"இங்க ஒருத்தன் ஒக்காந்துருக்கான்டி, மலையாட்டம். ஒங்க சாதிதான். கத்துறதும் இல்ல, ஒதைக்கிறதும் இல்ல. ஒங்கப்பன் பந்து வெளயாடுறேன்னு வுழுந்து முட்டியத் தேச்சிக்கிட்டாரு. நாள்பூரா செவுரு கட்டுற மனுசன், இன்னக்கித்தான் அவரு சின்னப்புள்ளையாட்டம் சிரிச்சுப் பாக்குறேன். தம்பி எனக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தான். எல்லாரும் வந்துருக்கோம்டி. நாலு பேரும்."

காம்பு கையில் மெத்தென்று ஆனது. ஒரு கீற்றுப் பால் சொம்பில் விழுந்த சத்தம் கேட்டது. நான் மூச்சுக்கூட விடவில்லை. பரிமளாவுக்கு அந்தச் சத்தம் கேட்டதோ என்னவோ, அவள் குரல் அப்படியே கொட்டகைக்குள் வந்துவிட்டது. சுற்றிலும் ஜனம் இருப்பதை மறந்துவிட்டாள். தினம் பேசுகிற மாதிரியே பேச ஆரம்பித்தாள்.

"பாப்பா அடுத்த வாரம் கோயமுத்தூரு போயிடும்டி. போவாதன்னு சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. நாந்தான் நவராமயே இருந்துட்டேன், அதுவாச்சும் நாலு எடம் போவட்டும். ஆனா சாயங்காலம் வந்து அம்மான்னு ஒரு கொரல் குடுக்கும்ல, அது இருக்காதேடி. அப்பறம் நான் ஒங்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்கணும். அதான் எப்புடின்னு தெரியல."

பால் நுரைத்துக்கொண்டு ஏறியது. அந்தப் பக்கத்தில் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் இத்தனை வருஷம் ஒன்றாக இருந்திருக்கிறார்கள், அவள் மாட்டிடம் என்ன பேசுகிறாள் என்று யாரும் கொட்டகைப் பக்கம் வந்து காது கொடுத்ததில்லை. அடுத்த சுவரில் இருக்கிற நானும் கொடுத்ததில்லை. இதைக் கேட்க அவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

"கறந்தாச்சுக்கா" என்றேன். "சொம்பு தலதட்டி நிக்குது. இப்ப சொல்றது நெசம். நீ இரு, லைட்டு போட்டப்பறம் வா."

அவள் இருந்தாள். விளக்குப் போட்டதும் கோபுரம் பொன்னாக நிற்கிற படம் வந்தது. கூடவே, நான் கறந்துகொண்டிருந்த நேரத்தில் யாரோ பக்கத்துக் குடும்பத்து ஆள் எடுத்துக் கொடுத்த இன்னொரு படம். மாமா முட்டியில் கைக்குட்டையைக் கட்டியிருக்கிறார், அஜித் அப்பாவின் தோளில் கை போட்டிருக்கிறான், சத்யப்பிரியா வீங்கிய கண்ணோடு அம்மாவின் மடியில் தலை வைத்திருக்கிறாள். பரிமளா ஃபோனைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருக்கிறாள். செவந்தியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நாலு பேரும் இருக்கிற முதல் படம் அது. அதைத்தான் பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். வாய் மூடின படம் வேறு இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, "இதுல இருக்குறதுதான் நான்" என்றாள்.

சத்யப்பிரியா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். டூட்டி இல்லாத சாயங்காலம் எல்லாம் கறக்கும் நேரம் பார்த்து எனக்கு ஃபோன் அடிப்பாள். "சித்தி, கொட்டாய்ல மாட்டி வைங்க. நான் ஒன்னும் பேசல, சும்மா கேட்டுட்டு இருக்கேன்" என்பாள். பரிமளாவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி செவந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லுவாள். இன்றைக்கு என்ன குழம்பு, அப்பா எந்த ஊரில் பூச்சு வேலை, அஜித் எத்தனை மணிக்கு வந்தான். ஐப்பசியில் அருவி விழும்போது எல்லோரும் போகலாம், சித்தியையும் கூட்டிக்கொண்டு போகலாம், அதற்குள் நீ என் கொழுந்தன் கைக்குப் பால் விடப் பழகிக்கொள் என்றுகூட மாட்டுக்கு உத்தரவு போட்டாள். அரியலூரில் லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறாள். நைட்டி இன்னும் துவைக்காமல் ஆணியில் தொங்குகிறது.

பால் எல்லாம் கறந்து முடிந்த பிறகும் அவள் எழுந்திருப்பதில்லை. சொம்பை ஓரமாக வைத்துவிட்டு, சும்மா கையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறாள். சொசைட்டிக்கு எங்கள் வீட்டுப் பால்தான் இப்போது கடைசியாகப் போகிறது.